பதினெட்டாம் வாய்ப்பாடு

எங்கள் மாடிக்கு ஒரு வெள்ளைக்காரர் குடிவரப் போகிறார் என்று என் கணவர் சொன்னபோது, என் மாமனார் கேட்ட முதல் கேள்வி, "அவுருக்கு மோட்டாரு போட்டு நிறுத்தத் தெரியுமா?" என்பதுதான். அதற்கு முன்னால் குடியிருந்த பேங்க்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டு ஆபீஸ் போய்விடுவார். தொட்டி நிரம்பி, தண்ணீர் மாமனாரின் கட்டில் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் யூனிட்டில் என் கணவர் சூப்பர்வைசர். அந்த யூனிட்டின் முதலாளி, இங்கிலாந்தில் மூடிவிட்ட ஒரு பீங்கான் தொழிற்சாலையிலிருந்து கேஸ் சூளை ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, கழற்றி, கப்பலில் ஏற்றிவிட்டார். சூளையோடு, வாழ்நாள் முழுக்க அதைக் கட்டி மேய்த்த மனிதரும் வந்தார். இங்கே அதை மாட்டிக் கொடுத்து, நம் ஆட்களுக்கு எரிக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவது என்று ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் போட்டார்கள். பெண்ணாடம் பஸ்ஸும் சேத்தியாத்தோப்பு பஸ்ஸும் மாறி மாறி ஹாரன் அடித்ததில் மனிதர் ஒரு வாரம் கண் மூடவில்லை. அதனால்தான் எங்கள் மாடி.

அறுபதை நெருங்கும் வயது. பெரிய உடம்பு, சின்னக் குரல். வெயிலில் போய்விட்டு வந்தால் முள்ளங்கி நிறத்தில் போனவர் தக்காளி நிறத்தில் திரும்புவார். தெருவில் எல்லோருக்கும் அவர் "மாடி வூட்டு சார்" ஆகிவிட்டார். மோட்டாரை ஒழுங்காக நிறுத்தினார். மாமனாருக்கு அந்த ஒன்று போதும்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்ணாடத்துப் பக்கம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை மூட்டைகளுக்கு நடுவிலேயே காலத்தை ஓட்டிய மனிதருக்குச் சர்க்கரை நோய் வந்ததை ஊரே சொல்லிச் சிரிக்கும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் சிரிப்பெல்லாம் கிடையாது, போர்தான். டாக்டர் எதை வேண்டாம் என்றாரோ அதெல்லாம் அவருக்கு வேண்டும். மாமியார் போன பிறகு காவல் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். அறுபது பிள்ளைகளைக் காப்பியடிக்காமல் பார்த்துக்கொள்ள என்னால் முடியும். ஒரு மாமனாரை முடியாது.

மாடியில் தொட்டி வால்வைத் திறக்கப் போன ஒருநாள் காலையில் மாமனார் அதைப் பார்த்துவிட்டார். மாடி வூட்டு சார் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சின்னப் பையைத் திறந்து, விரலில் எதையோ குத்தி, ஒரு பொட்டு ரத்தத்தை ஒரு சின்ன மெஷினில் வைத்துக்கொண்டிருந்தார். மாமனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நம்ம ஜாதி! கிட்டே போய் அவரை நோக்கி விரலை நீட்டிக் கேட்டிருக்கிறார்:

"சுகர்?"

அவர், வீட்டுக்காரர் டீக்குச் சர்க்கரை கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். உள்ளே போய்க் கையகலம் கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பியைக் கொண்டுவந்தார். அவர் சர்க்கரைக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இனிப்பு வில்லைகள் அதில் இருந்தன. தலையை அழுத்தினால் கடுகளவில் ஒரு வில்லை விழும். மாமனாரின் உள்ளங்கையில் இரண்டைத் தட்டிக் கொடுத்தார். சீமை மாத்திரை கிடைத்ததாக நினைத்து மாமனார் பக்தியோடு வாங்கி, சொம்புத் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு இறங்கி வந்தார்.

"ஏம்மா, அவுருக்கும் சுகருதான். ஒரு மாத்தர குடுத்தாரு பாரு, சின்னதா. போட்டதும் ஒடம்பே லேசா ஆயிடுச்சு."

நான் பதறிப்போய் மேலே ஓடினேன். சார் டப்பியைக் காட்டினார். விஷயம் புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். கீழே வந்து மாமனாரிடம் சொன்னேன், அது மாத்திரை இல்லை, இனிப்பு என்று.

"இனிப்பா?" என்றார். "அப்ப ஏம்மா முழுங்கச் சொன்னாரு? சப்பியிருப்பேனே."

இப்படி ஆரம்பித்ததுதான் அவர்கள் நட்பு. இவருக்கு இங்கிலீஷ் நாலு வார்த்தை, அவருக்குத் தமிழ் இரண்டு வார்த்தை. சாயங்காலம் மாடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவர் காலை ஒருவர் காட்டிக்கொண்டு, பாதத்தில் மரமரப்பு எங்கே வரை ஏறியிருக்கிறது என்று கைச்சாடையில் பேசிக்கொள்வார்கள்.

சூளை அவர் சொன்ன நாளில் எழவில்லை. ஒரு கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. வந்த செங்கல்லில் பாதி உடைந்திருந்தது. ஊருக்குத் திரும்பும் தேதி தள்ளித் தள்ளிப் போக, அவர் கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துவிட்டது. ஒருநாள் காலையில் படியிறங்கி வந்து, மிகவும் தயங்கி, டாக்டரைப் பார்க்க வேண்டும், தனக்காகப் போன் செய்து அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ ஒரு நேரம் கேட்டு வாங்க முடியுமா என்றார்.

"அடுத்த வாரமா? சாயங்காலம் போலாம் சார்" என்றேன்.

"இன்றைக்கேவா? யாராவது செத்துக்கொண்டிருந்தால்தான் எங்கள் ஊரில் இன்றைக்கே பார்ப்பார்கள்" என்றார். அவர் பேச்சை இங்கே நான் தமிழில் எழுதுவதால் தெளிவாக இருக்கிறது. நேரில் அப்படி இல்லை. வார்த்தையின் தலையையும் வாலையும் முழுங்கிவிட்டு நடுத்துண்டை மட்டும் வெளியே விடுவார். நான் தினமும் தோசை கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்து அந்த நடுத்துண்டுகளைப் பழகியிருந்தேன்.

மாமனார் பார்க்கும் டாக்டரிடமே போனோம், மாமனாரும் சேர்ந்து. ஜங்ஷன் ரோட்டில் மாடியில்லாத பழைய கட்டடம். டாக்டர் கைராசிக்காரர், அதனால் நேரமில்லாதவர். ஒருவரைப் பார்க்கும்போதே அடுத்த ஐந்து பேரை உள்ளே பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்துவிடுவார். மாடி வூட்டு சார் உள்ளே நுழைந்ததும், அறை தவறி வந்துவிட்டோம் என்று வெளியே போகத் திரும்பினார். நான் பிடித்து உட்கார வைத்தேன்.

டாக்டருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். மெட்ராஸில் படித்தவர். ஆனால் அவர் பேசியது இவருக்குப் புரியவில்லை, இவர் பேசியது அவருக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்த்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருக்கும்.

"குடும்பத்துல சுகர் இருக்குதான்னு கேளுங்க."

கேட்டேன். "என் மனைவி இரண்டு ஸ்பூன் போடுவாள்" என்றார்.

அதைத் திருத்திக் கேட்டு, அப்பாவுக்கு இருந்தது என்று பதில் வாங்கினேன். எத்தனை வருஷமாக இருக்கிறது என்றதற்கு, பத்துப் பன்னிரண்டு வருஷம் என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். "சீனியரு" என்றார் காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர்.

அடுத்து டாக்டர் நேராக அவரிடமே கேட்டார், "மோஷன் எப்படி?"

இந்தக் கேள்வி மட்டும் தனக்குப் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. "மெதுவாகத்தான் டாக்டர். அதுவும் படி ஏறும்போது முட்டி பிடித்துக்கொள்கிறது" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "படி ஏறும்போதா?"

"இறங்கும்போது பரவாயில்லை."

எனக்கு இந்தப் பக்கம் சிரிப்பு, அந்தப் பக்கம் மானம். மோஷன் என்றால் நம் ஊர் டாக்டர்கள் கேட்பது நடையை இல்லை என்று ஒரு அந்நிய ஆண்பிள்ளையிடம் ஆறு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அதற்கு நாசூக்கான இங்கிலீஷ் வார்த்தை என் பி.எஸ்ஸியில் வரவில்லை. "மார்னிங்... பாத்ரூம்..." என்று இழுத்தேன். அவர் முகம் வெயிலில்லாமலே தக்காளி ஆயிற்று. "ஓ," என்றார். "ரெகுலர். வெரி ரெகுலர்."

அது பெஞ்சுக்கே புரிந்தது. வேப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, "அது ஒண்ணு ஒழுங்கா இருந்தா போதும் சார், மத்ததுல்லாம் பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார். சிறுகுறிஞ்சான் பொடியைத் தேனில்லாமல் சாப்பிடச் சொன்னதும் அவர்தான். கட்டுப் போட்டவர் ஆவாரம்பூ என்றார். எது உசத்தி என்று அவர்களுக்குள் ஒரு சண்டை வந்தது. டாக்டர் அதைக் கண்டுகொள்ளாமல், மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து ரிசல்ட்டோடு வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் மாடி வூட்டு சார் சொன்னார், "எங்கள் ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகத்தான் இதையெல்லாம் பேசுவோம்." கோபமாகச் சொல்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, அந்தப் பூவின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

மறுநாள் லேபில்தான் கலவரம். ரிசல்ட்டை வாங்கிப் பார்த்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெளுப்புக்கு மேல் ஒரு வெளுப்பு அவருக்கு இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். காகிதத்தில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று இருந்தது. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரியும்படி, முதல் தடவையாகத் தலையும் வாலும் வைத்துச் சொன்னார்: "என் மகளின் போன் நம்பர் சூட்கேஸ் மூடியின் உள்பக்கம் இருக்கிறது."

நெஞ்சுவலியோ என்று பயந்துபோய் லேப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நூத்தித் தொண்ணூத்தெட்டுதானேக்கா? நேத்து ஒருத்தருக்கு நானூறு. பஸ்ஸுல வந்தாரு, பஸ்ஸுலயே போயிட்டாரு" என்றாள்.

இதை மொழிபெயர்த்ததும், நானூறு வைத்துக்கொண்டு பஸ் ஏறிய அந்த மாமனிதர் இன்னும் அங்கே நிற்கிறாரா என்று பார்ப்பவர் போல வாசலைப் பார்த்தார். அவர் ஊரில் ஐந்து ஆறு என்றால் நல்ல சர்க்கரை. பத்தைத் தாண்டினால் திட்டு. முப்பது என்றால் ஆம்புலன்ஸ். நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றால் சவப்பெட்டிக்கு அளவெடுக்க வேண்டியதுதான். ஆனால் அன்று காலையில் அவருடைய சொந்த மெஷின் பதினொன்று என்றுதானே காட்டியது என்றார்.

நானும் மாமனாரும் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் காகிதத்தையும் பார்த்தார், மெஷினையும் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவங்க ஊரு அளவு வேறங்க. அவங்க நம்பரப் பதினெட்டால பெருக்கினா நம்ம நம்பரு. பதினொண்ணு இன்ட்டு பதினெட்டு எவ்ளோ? நீங்க மேத்ஸ் டீச்சர்தானே?"

நூற்றுத் தொண்ணூற்றெட்டு! சாவுக்குத் தயாராகியிருந்த மனிதர் எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கியதில் மேஜை மேலிருந்த மருந்துச் சாம்பிள்கள் உருண்டன. பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கை கொடுத்தார். டாக்டர் பழைய மாத்திரையோடு புதிதாக இன்னொன்றும் எழுதினார். "இதப் போட்டா நேரத்துக்குச் சாப்பிட்டுடணும், கரெக்டா சொல்லிடுங்க" என்றார். சொன்னேன்.

இத்தனைக்கும் பக்கத்திலேயே நின்றிருந்தார் என் மாமனார். எல்லாவற்றையும் கேட்டார். ஆனால் பதினெட்டு என்ற ஒன்றை மட்டும் அவர் காது வடிகட்டி வெளியே விட்டுவிட்டது. அவர் மனதில் நின்றது இவ்வளவுதான்: ஒரே ரத்தம், நம்ம லேபில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு, சார் மெஷினில் பதினொன்று.

அடுத்த நாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார், ஓட்டுப் போட்டுவிட்டு வருபவர் மாதிரி.

"ஒம்போது புள்ளி எட்டு!" என்றார். "நூறுக்குள்ளகூட இல்ல, பத்துக்குள்ள! காப்பில சக்கர போடும்மா."

"மாமா, அதப் பதினெட்டால பெருக்கணும். நூத்தி எழுபத்தாறு வருது."

"அது அவங்க ஊர்க்காரங்களுக்கு. மெஷினு அவங்க ஊரு மெஷினு, அவங்க பெருக்கிக்கட்டும். நான் என்னாத்துக்குப் பெருக்கணும்?"

கணக்கு டீச்சராக எத்தனையோ பதில்கள் கேட்டிருக்கிறேன். சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.

பள்ளி மைதானத்தில் தினமும் காலையில் அவரோடு நடக்கும் கூட்டாளிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோருக்கும் சுகர். விஷயம் மைதானத்தை இரண்டு சுற்று சுற்றுவதற்குள் பரவிவிட்டது. அந்த வாரமே எங்கள் மாடிப்படியில் செருப்புகள் சேர ஆரம்பித்தன. ஒவ்வொருவராக மேலே போவார்கள். சார் ஒவ்வொருவருக்கும் புது ஊசி மாற்றி, விரலை ஸ்பிரிட்டால் துடைத்து, பக்குவமாகக் குத்திவிடுவார். ரத்தம் தொட்டு மெஷினில் வைக்கும் பட்டைகள் அவரிடம் டப்பா டப்பாவாக இருந்தன. அவர் ஊரில் மாத்திரையும் இலவசம், இதுவும் இலவசம் என்று சொல்லி வியக்க வைத்தார். ஒருவருக்கு எட்டு, ஒருவருக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு வந்தவர் கொஞ்சம் வருத்தத்தோடு இறங்குவார், எட்டு வந்தவர் நேராகக் கடைத்தெருவுக்குப் போவார்.

சார் ஒன்றும் தெரியாமல் செய்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் மேலே போய், "இவர்களுக்குப் பதினெட்டைப் பற்றிச் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"அவர்கள் நம்பர் கேட்டார்கள். நம்பர் சொன்னேன்" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "பெருக்கிச் சொல்லுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை." ஒரு கண்ணை லேசாகச் சிமிட்டினார் என்று சத்தியம் செய்வேன். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இத்தனை பேர் காலையில் என்னைப் பார்க்க வந்து எவ்வளவு நாள் ஆயிற்று தெரியுமா?" என்றார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

திட்டு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ரயில்வேயில் கார்டாக இருந்தவரின் மனைவி ஒருநாள் கோயிலிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், விபூதி கூட உதிராமல்.

"டீச்சர், உங்க மாடியில என்னாதான் நடக்குது? எங்க வூட்டுக்காரரு தெனமும் ஜிலேபி வாங்கிக்கிட்டு வராரு. கேட்டா, மாடி வூட்டு மெஷின்ல எனக்கு எட்டுதான் இருக்குதுங்கறாரு. எட்டுன்னா இந்நேரம் செத்துல்ல போயிருக்கணும்? நல்லா ஜிலேபி தின்னுக்கிட்டு இருக்காரு!"

அவருக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். எட்டு இன்ட்டு பதினெட்டு, நூற்று நாற்பத்து நாலு. அதுவும் ஜிலேபிக்கு முந்திய கணக்கு. அவர் அந்தக் காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போன வேகத்தைப் பார்த்து எனக்குக் கார்டு மேல் பரிதாபமாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் ஒரு சார்ட் பேப்பர் வாங்கி, பதினெட்டாம் வாய்ப்பாட்டை ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதினேன். ஏழு வரைக்கும் பச்சை, அதற்கு மேல் சிவப்பு. மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தில், கண்ணுக்கு நேராக ஒட்டினேன். மறுநாள் காலையில் வந்த கூட்டம் அந்த இடத்தில் நின்றது. ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். கார்டு மட்டும், "பச்சை எதுவரைக்கும் டீச்சர்?" என்று பேரம் பேசிப் பார்த்தார்.

"வூட்டுக்குள்ளயே எதிரி" என்று மாமனார் ரேழியில் நின்றுகொண்டு சுவரிடம் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், சார்ட்டின் தலைப்பில் பதினெட்டு பத்தாகியிருந்தது. என் மேஜையிலிருந்த ஒயிட்னரை எடுத்து எட்டை அழித்துச் சைபர் ஆக்கியிருந்தார். வரிக்கு வரி செய்திருந்தார், பொறுமையாக. விடைகளை மாற்றத்தான் மறந்துவிட்டார். பத்து நாலு எழுபத்திரண்டு, பத்து ஐந்து தொண்ணூறு என்று போய்க்கொண்டிருந்தது அந்த வாய்ப்பாடு.

இப்படியே சிரிப்பாகப் போயிருக்கும். ஆனால் சூளைக்கு முதல் நெருப்பு வைக்கிற நாள் வந்தது.

யூனிட்டில் பூஜை. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். சூளைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் வைத்து, எல்லாம் தயார். ஐயர் மட்டும் வரவில்லை. இன்னொரு பூஜையில் மாட்டிக்கொண்டார். பூஜை முடிந்துதான் பொங்கல். மாடி வூட்டு சார் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிடலாம் என்று வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், அந்தப் புது மாத்திரையையும் சேர்த்து. கழுத்தில் மாலையோடு தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். ஒன்பது போய், பத்து போய், வெயில் தகரத்தில் உறைத்தது. சாமிக்கு முன்னால் தான் சாப்பிட்டுவிடக் கூடாது என்று அவராக நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றிருக்கிறார்.

முதலில் கோபம்தான் வந்தது அவருக்கு. அதுவரை யாரையும் அதட்டிப் பேசாத மனிதர், என் கணவரைப் பார்த்து ஏதோ எரிந்து விழுந்தார். பர்னர் வால்வைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தோம். பிறகு பார்த்தால் பேச்சு எதிலும் நிற்கவில்லை. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கை நடுங்கியது. தூணைப் பிடித்தார்.

"வெயிலு தாங்கல அவுருக்கு" என்றார்கள். ஒருவர் குடை பிடித்தார், ஒருவர் தலையில் தண்ணீர் தெளித்தார், முதலாளி மோர் கொண்டுவரச் சொன்னார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமனார் வந்தார். சாரின் நெற்றியைத் தொட்டார். "ஜில்லுன்னு கெடக்குது. வெயிலா இது? லோ சுகருடா!" என்று கத்தினார். சொல்லிக்கொண்டே சட்டைக்கு உள்ளே, பனியனில் தைத்து வைத்திருந்த பாக்கெட்டில் கையை விட்டார். செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம் வந்தது. பொட்டலத்துக்குள் ஜாங்கிரி. பாகு ஊறிப் பத்திரிகை எழுத்தெல்லாம் அதன்மேல் பதிந்திருந்தது.

பிட்டுப் பிட்டு அவர் வாயில் வைத்தார். "மெல்லுங்க சார், மெல்லுங்க, முழுங்குங்க" என்று குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி. அவர் மென்றார். ஒன்று முடிந்ததும் பொட்டலத்திலிருந்து இரண்டாவது ஜாங்கிரி வந்தது. நான் பார்த்தேன், மாமனாரும் நான் பார்த்ததைப் பார்த்தார். அதைப் பற்றிப் பேச அது நேரமில்லை. யாரோ சர்க்கரை கொட்டிய டீ கொண்டுவந்தார்கள். அதையும் குடிக்க வைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. கண் ஒரு இடத்தில் நிலைத்தது. அவர் முதலில் பார்த்தது தன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்த மாமனாரின் முகத்தை. வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "இதற்குப் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"ஜாங்கிரி" என்றார் மாமனார், கண் கலங்கிக்கொண்டு.

ஐயர் வந்தார். சூளை பற்றிக்கொண்டது. சார் அன்று சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லோரையும் வேலை வாங்கினார். நல்லபடியாகவே எரிந்தது. அடுத்த நாள் டாக்டர் புது மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, என்னையும் அவரையும் சேர்த்துத் திட்டினார், சாமி கோவித்துக்கொள்ளாது, சுகர் கோவித்துக்கொள்ளும் என்று.

வீட்டுக்கு வந்து நான் விசாரணையை ஆரம்பித்தேன்.

"மாமா, பனியனுக்குள்ள ஜாங்கிரி எப்பிடி வந்துது?"

"அவுருக்காகத்தாம்மா எடுத்துட்டுப் போனேன். அவசரத்துக்கு."

"சரி. ரெண்டு எதுக்கு?"

"ரெண்டாவது அவசரத்துக்கு."

ஊரே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. யூனிட் முதலாளி வீடு தேடி வந்து சால்வை போர்த்தினார். மாடி வூட்டு சாரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, இனி தான் வெளியே எங்கே போனாலும் இவர் பொட்டலத்தோடு கூட வருவதுதான் பாதுகாப்பு என்று என்னிடம் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு வாதாடினார். இரண்டு பேரையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் நியாயம் கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, பொட்டலம் வேண்டாம், பாக்கெட்டில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். ஆட்டோவில் திரும்பினோம். குளுக்கோஸ் பாக்கெட்டை மாமனார் மடியில் வைத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தால், யாரோ இறந்த வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவர் போல இருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது சாரின் வேலை முடிந்தது. ஜங்ஷனில் ரயிலேற்றிவிடப் போன கூட்டத்தில் டாக்டரின் பெஞ்சில் அறிமுகமானவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வேப்பூர் அம்மா சிறுகுறிஞ்சான் பொடியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். சார் அதைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

ஊருக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்துப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். டாக்டரிடம் நேரம் கேட்டதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் கொடுத்தார்களாம். போனாராம். காத்திருக்கும் இடத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பழைய பத்திரிகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். பக்கத்தில் இருந்தவரிடம், "உங்களுக்கு எவ்வளவு?" என்று இவர் கேட்டுவிட்டாராம். அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டாராம். "உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். டாக்டர் சொன்னதற்கு மறுத்துச் சொல்ல அறையில் ஒருவர்கூட இல்லை" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தது வெகு தூரத்திலிருந்து கேட்டது.

மாமனார் போனைப் பிடுங்கிக்கொண்டார். தூரத்துக்குத் தகுந்த சத்தத்தில் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. "சார்! சாப்டாச்சா? என்னா சாப்டீங்க?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பிறகு காதில் போனை அழுத்திக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். ம், ம் என்று தலையை ஆட்டினார். ஒரு தடவை சிரித்தார். ஒரு தடவை, "அடடா" என்றார். கடைசியில் "சரிங்க சார், ஒடம்பப் பாத்துக்குங்க" என்று வைத்தார்.

"என்ன மாமா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் புரியலம்மா" என்றார். "கேக்குன்னு ஒரு வார்த்த மட்டும் புரிஞ்சுது. ரெண்டு தடவ சொன்னாரு."